பட்டியலில் இல்லாத விசிறி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ராடார் கன்களுக்கான சோதனைச் சான்றிதழில் கையெழுத்திட, எங்கள் கோவை அலுவலகத்திலிருந்து ஒருவருக்கு அனுமதி தரப்போவதாகச் சென்னைத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது.
2. இரண்டு பெயர்கள் போயின. ஒன்று என்னுடையது. இன்னொன்று எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்ந்த பெண்ணுடையது.
3. போலீஸ் ஜீப்பில் ஏசி விசிறி முழு வேகத்தில் ஓடினால் ராடார் பொய் எண் காட்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது.
4. சோதனை நாள் காலையில், ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அவள் என்னிடம் கேட்டாள்.
5. பட்டியலில் இருப்பது போதும் என்றேன்.
6. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு மொபெட் எழுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கருவி சொன்னது.
7. அந்த மொபெட்டின் பின்னால், மாட்டுக்குப் போடும் சோளத்தட்டுக் கட்டு இருந்தது.

இப்படி எழுதினால் ஏழு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஐந்தாவது வரியை மட்டும் அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

போக்குவரத்துப் போலீஸ் சாலையோரம் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, அதைச் சோதித்துக் கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. ஸ்டேஷன்களிலிருந்து கன்கள் எங்கள் மேசைக்கு வரும். முதலில் திரையில் எல்லாக் கோடுகளும் எரிகின்றனவா என்று பார்ப்போம். அடுத்தது இசைக்கவை. பள்ளிக்கூட இயற்பியல் அறையில் பார்த்த அதே இரட்டைக்கால் உலோகம்தான். ஒன்றில் நாற்பது என்று பொறித்திருக்கும், இன்னொன்றில் எண்பது. மரக்கட்டையில் தட்டி, கன்னின் முகத்துக்கு முன்னால் பிடித்தால், அந்த அதிர்வை ஏதோ ஒரு வண்டியின் வேகம் என்று எடுத்துக்கொண்டு ராடார் நாற்பது என்றும் எண்பது என்றும் காட்டும். காட்டினால் சரி. கடைசியில் சாலைச் சோதனை. இதற்கெல்லாம் பதினைந்து அம்சப் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் தயாரித்தது நான். லேமினேட் செய்து எல்லாப் பெட்டிகளிலும் ஒன்று போட்டிருக்கிறேன்.

வேகமாக ஓட்டியதாகச் சீட்டு வாங்கிய ஒருவர் கோர்ட்டுக்குப் போனால், அங்கே முதலில் கேட்பது அந்தக் கன்னின் சான்றிதழைத்தான். அதன் கீழே, நாங்கள் சென்னை சார் என்று சொல்லும் தலைமையக அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அவர் அந்தக் கன்னைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நான்கு ஆண்டுகளாக நான் சோதித்த எந்தக் கன்னின் காகிதத்திலும் என் பெயர் இல்லை. அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அந்த ஆண்டு எனக்கு அதைவிட வேண்டியது வேறொன்றும் இருக்கவில்லை.

அவள் ஆனைமலைப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்தவள். நான் பி.இ. இந்த வித்தியாசத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் சொல்லாத நாளும் இல்லை.

அவளுக்கு ஒரு திறமை இருந்தது. தூரத்தில் வரும் வண்டியைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடுவாள். இது வித்தை இல்லை. கன் பிடிக்கிற யாரும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகுதான் விசையை அழுத்த வேண்டும். கண் சொன்னதும் கருவி சொன்னதும் மிகவும் விலகினால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சியில் இதைச் சொல்லித் தருகிறார்கள். எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம், யாருக்கும் வருவதில்லை. அவளுக்கு வந்தது.

"எப்படி வந்தது?" என்று ஒருமுறை கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான்.

"ரோட்டத் தாண்டித்தானுங்க்கா எங்க பள்ளிக்கூடம். கேரளாவுக்குப் போற லாரியெல்லாம் அந்த வழிதான். எது வந்து சேரும், எதுக்கு முன்னால ஓடிரலாமுன்னு பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு."

அவ்வளவுதான். புத்தகம் இல்லை, சூத்திரம் இல்லை. ரோட்டைத் தாண்டியிருக்கிறாள்.

சாலைச் சோதனைக்குப் போனால் போலீஸ்காரர்களுக்கு அவள் ஒரு விளையாட்டு. எப்போதும் எங்களோடு வரும் ஏட்டு ஒருவர் இருந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். புளியமர நிழலில் அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுவிட்டு ஆரம்பிப்பார்.

"அம்மணி, அந்த வெள்ளக் காரு?"

"அறுவத்தி நாலுங்க ஏட்டையா."

கன் அறுபத்து மூன்று காட்டும்.

"ஏனுங்க, இந்தக் கன்ன ஸ்டேசன்லயே வெச்சுப்போட்டு அம்மணிய மட்டும் கூட்டிட்டு வந்தாப் பத்தாதுங்களா?"

"பேட்டரியும் மிச்சமுங்க" என்பார் ஜீப் டிரைவர்.

"அம்மணி திட்டுனா வண்டிக்காரன் நிக்கவே மாட்டான், அழுதுபோட்டுப் போயிருவான்" என்பார் ஏட்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஜீப்புக்குள் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டிருக்கும் எனக்குத் தலையை நிமிர்த்தத் தோன்றாது.

ஒருநாள் ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்." ஒரு தேங்காய் லாரி வந்துகொண்டிருந்தது. எழுபது என்றேன். ஐம்பத்திரண்டு. "அதுக்கென்னங்க, உங்களுக்கு எழுத்து நல்லா வருது" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இரண்டு நாட்கள் என் கூடவே இருந்தது.

நானும் கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் ரோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே இருந்த தூரத்தை அளந்தேன். பேக்கரிக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"அம்மணி, ரோடு அகலம் பண்றாங்களா?"

"இல்லைங்க."

"உண்மையச் சொல்லுங்க. கட போகுதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. முன்பக்கம் கூரை போடலாமுன்னு இருந்தேன்."

"நான் சும்மா அளக்கறனுங்க."

"சும்மா யாருங்க ரோட்ட அளப்பாங்க?"

அவர் நம்பவில்லை. கூரையும் போடவில்லை. அதன்பிறகு தினமும் காலையில், பஸ்ஸுக்கு நிற்கும் இருபது நிமிடங்களில், ஒவ்வொரு வண்டியாக மனதுக்குள் ஊகித்து, கம்பத்துக்குக் கம்பம் கைப்பேசியில் நேரம் எடுத்து, வேகத்தைக் கணக்கிட்டு எழுதினேன். வண்டியின் வகை, என் ஊகம், உண்மை வேகம், பிழை என்று நான்கு கட்டங்கள். ஏழு வாரங்கள் கழித்துப் பார்த்தேன். சராசரியாகப் பதினொன்று தவறியிருந்தேன். முதல் வாரமும் பதினொன்றுதான். அவளுடைய பிழை மூன்றுக்கு மேல் போய் நான் பார்த்ததில்லை. அவளுக்கும் தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன்.

நோட்டின் பின்னட்டையில் இன்னொன்றும் இருந்தது. மேலாளர் அவளைப் பாராட்டும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. என்னைப் பாராட்டினால் எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளை யாருக்கும் காட்டியதில்லை.

அதே நோட்டின் நடுவில்தான் விசிறி பற்றிய குறிப்பு.

முதல் முறை ஒரு மழை நாள். முன் கண்ணாடியில் ஆவி படிந்ததால் டிரைவர் விசிறியைக் கடைசிப் படிக்குத் திருப்பினார். டாஷ்போர்டு மேல் தாங்கியில் கன் இருந்தது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. திரையில் எழுபத்தொன்று. ஒரு பஸ் வந்ததும் அந்த எண் மறைந்து, பஸ்ஸின் வேகம் சரியாக வந்தது. பஸ் போனதும் மறுபடியும் எழுபத்தொன்று. கொஞ்ச நேரத்தில் டிரைவர் விசிறியைக் குறைத்தார். எண் போய்விட்டது. இரண்டாம் முறை ஒரு கடும் வெயில் நாள், அதே ஜீப், வேறு கன், எழுபத்திரண்டு. அன்று புரிந்துவிட்டது. டாஷ்போர்டுக்கு அடியில் சுழலும் விசிறியின் இறக்கைகளை ராடார் வண்டி என்று நினைத்துக்கொள்கிறது. பஸ், லாரி மாதிரிப் பெரிய உருவம் எதிரே வந்தால் அதன் எதிரொலி பலமாக இருக்கும், விசிறி தோற்றுவிடும். சின்ன வண்டியாக, தூரத்தில் வருவதாக இருந்தால் விசிறிதான் ஜெயிக்கும்.

இரண்டு முறையும் ஜீப்புக்குள் இருந்தது நான். அவள் வெளியே மரத்தடியில் இன்னொரு கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டீசல் வீணாகும் என்று டிரைவர் விசிறியை அந்தப் படிக்குத் திருப்புவதே அபூர்வம். எனவே வேறு யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே எங்கள் அலுவலகப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசை நடுவில் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கும். கன்களில் கண்ட குறைகளை அதில் எழுதுவோம். முன்பெல்லாம் யார் எதைச் சந்தேகப்பட்டாலும் எழுதிவிடுவார்களாம். அதைப் படித்த ஒரு ஸ்டேஷனில் கன்னே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து விதி வந்தது: ஒரு குறையை மூன்று முறை கண்ட பிறகே பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதுவரை அவரவர் சொந்த நோட்டில் இருக்கட்டும்.

நான் கண்டது இரண்டு முறை. காலி ஜீப்பில் நாமே விசிறியைப் போட்டுப் பார்த்தால் அரை நிமிடத்தில் மூன்றாவது முறை ஆகிவிடும். அதை நான் செய்யவில்லை. இரண்டாம் முறை கண்டு நான்கு நாட்களில் சென்னைக் கடிதம் வந்துவிட்டது.

சென்னை சார் நேரில் வந்து இருவரையும் சாலையில் பார்ப்பதாக ஏற்பாடு. அவள் கன்னை இயக்க வேண்டும், நான் பதிவு செய்ய வேண்டும். மதியத்துக்கு மேல் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் அலுவலகத்தில் அவள் இசைக்கவைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். பட்டியலை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கையில் மருதாணி. முந்தின வாரம் ஏதோ கல்யாணம்.

"அக்கா, பதனஞ்சும் பாத்துட்டனுங்க. வேற எதாச்சும் பாக்கோணுமா? உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகமிருக்கும்."

கீழே ஜீப் வந்து நின்றது. விருந்தாளி வருகிறார் என்று கழுவித் துடைத்திருந்தார்கள். சன்னலில் இருந்து பார்த்தேன், எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. விருந்தாளிக்காக இன்று ஏசி முழு வேகத்தில் ஓடும். அந்தக் கணத்தில் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

"லிஸ்ட்ல இருக்கறதப் பாரு. போதும்."

"சரிங்க்கா" என்று பெட்டியை மூடினாள்.

கோபமோ நடுக்கமோ எனக்கு இல்லை. என் குரல் எப்போதும் இருப்பதுபோலவே இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி ஓரமாக நிறுத்தினோம். சென்னை சார் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "வண்டிக்குள்ள இருந்தே பண்ணுங்கம்மா, வெயில் மண்டையப் பொளக்குது" என்றார். கன் தாங்கியில் ஏறியது. அவள் முன் இருக்கையில், சார் பின்னால், அவர் பக்கத்தில் நான். டிரைவர் விசிறியைக் கடைசிப் படிக்குத் திருப்பினார். ஏட்டு வெளியே நின்று வண்டிகளை நிறுத்தத் தயாராக இருந்தார்.

அவள் விதிப்படி இசைக்கவைகளைக் கன்னின் முகத்தருகே பிடித்தாள். நாற்பது. எண்பது. சார் தலையாட்டினார். முதலில் வந்தவை இரண்டு பஸ்கள், ஒரு டேங்கர். மூன்றையும் முன்கூட்டியே சொன்னாள், மூன்றுக்கும் கன் அவளோடு ஒத்துப்போனது. சார் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பின்னட்டைப் புள்ளிகளை நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு சாலை காலியானது. தூரத்தில் ஒரு மொபெட்.

"இருவத்தேழுங்க சார். முப்பதத் தாண்டாதுங்க" என்று சொல்லி விசையை அழுத்தினாள்.

எழுபத்திரண்டு.

அவள் திரையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். எழுபத்திரண்டு. பதற்றத்தில் கை காட்டினாளோ என்னவோ, ஏட்டு மொபெட்டை நிறுத்திவிட்டார். ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். பின்னால் அவரைவிட உயரமாகச் சோளத்தட்டு. ஏட்டு சன்னல் வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார். மீசைக்குள் என்னமோ நடந்தது.

"எழுவத்தி ரெண்டுல வந்தீங்களாமுங்க."

"என்னதுங்க?"

"ஸ்பீடுங்க."

அவர் வண்டியைக் குனிந்து பார்த்தார். "என்ர வண்டியா? எழுவத்தி ரெண்டா?"

"மெசின் சொல்லுதுங்க."

"சாமி, இத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்ர சம்சாரம் இந்த வண்டில ஏற மாட்டேங்கறா. நடந்து போனா முன்னாலயே போய்ச் சேந்துருவேங்கறா. ஊட்டுல காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டாந்து தந்தர்றேன்."

ஏட்டு சிரித்துவிட்டார். டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டார். சென்னை சார் சிரிக்கவில்லை.

"அவரை அனுப்பிடுங்க" என்றார். மொபெட்காரர் சீட்டு கிடைக்காத ஏமாற்றத்துடன் கிளம்பினார். சார் அவளிடம் கேட்டார்: "கண்ணு இருபத்தேழுன்னுது, கருவி எழுபத்திரண்டுன்னுது. எதைம்மா நம்பறது?"

"கன்னு தப்புங்க சார்."

"ஃபோர்க் வச்சுப் பாரு."

பார்த்தாள். இசைக்கவையை அவ்வளவு கிட்டத்தில் பிடித்தால் விசிறி தோற்றுவிடும். நாற்பது. எண்பது. கன் சரி.

"இப்ப சொல்லு. கன்னா தப்பு?"

பதினைந்தையும் அவள் செய்திருந்தாள். ஒன்றையும் விடவில்லை. லேமினேட் செய்த அட்டையை எடுத்து மறுபடியும் மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் உதடு அசைவது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. தப்பு எங்கோ தன்னிடம்தான் என்று பட்டியலில் தேடிக்கொண்டிருந்தாள். இதைத்தான் நான் விரும்பினேனா என்றால், ஆமாம். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அது எனக்கு இதமாகத்தான் இருந்தது.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?" என்றார் சார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க சார்" என்றாள் அவள்.

சார் என் பக்கம் திரும்பினார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டில் எழுதியிருக்கிறது. எழுதியதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, எனக்கு அது வராது. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பழக்கம்.

"ரெண்டு தடவ வந்திருக்குங்க சார்."

நோட்டைத் திறந்து காட்டினேன். பிறகு டிரைவரிடம் விசிறியை அணைக்கச் சொன்னேன். திரை காலியானது. இரண்டாம் படிக்கு வைக்கச் சொன்னேன். நாற்பத்தொன்பது. கடைசிப் படி. எழுபத்திரண்டு. எதிரே வண்டி எதுவும் இல்லை. காரணத்தை நான்கு வாக்கியங்களில் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். நான் எப்போதும் தெளிவாகத்தான் சொல்வேன்.

"பிரமாதம்" என்றார் சார். "ரிஜிஸ்டர்ல ஏன் ஏத்தலை?"

"மூணு தடவ வந்தாத்தான் ஏத்தணுங்க சார். விதி."

"கரெக்ட்" என்றார். "இதான் டிசிப்ளின்." அவர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். முன் இருக்கையில் அவள் திரும்பவில்லை. அட்டையைப் பெட்டிக்குள் வைத்து, துணியை நான்காக மடித்தாள்.

மதியத்துக்கு மேல் நான் இயக்கினேன், அவள் எழுதினாள். விசிறி அணைந்திருந்தது. என் ஊகங்கள் எல்லாம் பதினொன்று, பன்னிரண்டு என்று தப்பின. சார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது சார் அந்த ஜீப்பிலேயே பொள்ளாச்சி போய்விட்டார். எங்களைக் கூட்டிப்போக வந்த அலுவலகக் காரில் நாங்கள் இருவர் மட்டும் பின்னால். மதுக்கரை பிரிவு வந்தது.

"ஏனுங்க்கா" என்றாள் பிறகு. "ரிஜிஸ்டர்ல ஏத்தறதுக்கு மூணு தடவ. எங்கிட்டச் சொல்றதுக்கு எத்தன தடவ வேணுமுங்க?"

சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"காலையில நீ கேட்டப்ப எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றேன். "வேணும்னுதான் சொல்லல."

"தெரியுமுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நானு வேற யாரையாச்சும் கேட்டிருக்கோணும்" என்றாள்.

கன்னைச் சோதிப்பவர்கள் வேறு யாரும் அங்கே இல்லை. இருப்பது நாங்கள் இருவர்தான்.

மறுநாளிலிருந்து என்னை மேடம் என்றாள். மரியாதையில் ஒன்றும் குறையில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பாள், கேள்விக்குப் பதில் சொல்வாள், ஒவ்வொரு வாக்கியத்திலும் ங்க இருக்கும். மதியம் தன் டப்பாவில் இருந்து எனக்கு ஒரு பங்கு மூடியில் எடுத்து வைப்பது வழக்கம், அது நின்றது. இப்போது ஸ்டோர் அறைப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஸ்டோர் அறைப் பெண் மேல்.

மூன்று வாரங்களில் உத்தரவு வந்தது. கையெழுத்து எனக்கு. அன்று மதியம் சென்னை சாரை அழைத்தேன். சொல்ல வேண்டியதை முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன், மூன்று வரிகள்.

"சார், அன்னைக்குக் காலையிலேயே அந்த விசிறி விஷயம் எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் சொல்லல."

"தெரிஞ்சதாலதானம்மா அவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்சீங்க?"

"அது இல்லைங்க சார். சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு தப்பு பண்ணியிருக்காது."

அந்தப் பக்கம் யாரோ அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் பதில் சொல்லிவிட்டு வந்தார். "அது உங்க ரெண்டு பேருக்குள்ள. ரிப்போர்ட்ல அதுக்கு இடம் இல்லை. விதிய மாத்தணும்னா எழுதி அனுப்புங்க, பாக்கறேன்."

மூன்று வரிகளையும் சொல்லிவிட்டேன். நான்காவதாக, அந்த அனுமதியை அவளுக்குக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதியிருந்தாலும் படித்திருப்பேனா என்று தெரியாது. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது, அப்போதும்.

விதியை மாற்றக் கேட்டு எழுதினேன். மாற்றினார்கள். ஒரு குறையை ஒரு முறை கண்டாலும் அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், சந்தேகம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பட்டியல் இப்போது பதினாறு அம்சங்கள். புது அட்டைகளை லேமினேட் செய்து எல்லாப் பெட்டிகளிலும் போட்டபோது, அவள் தன் பெட்டியில் இருந்த பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்றைய நிலை இது. சான்றிதழ்களில் என் பெயர் இருக்கிறது. முதல் நாள் பதினோரு கையெழுத்துப் போட்டேன். பொள்ளாச்சிப் பக்கத்துச் சாலைச் சோதனைகளுக்கு அவள் தனியாகப் போகிறாள். நான் மேசையை விட்டு எழுவதில்லை. ஏட்டு தொலைபேசியில் அழைத்தால் முதலில் கேட்பது, "அம்மணி வருதுங்களா?" வருகிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். அவள் கொண்டுவரும் எண்களில் இதுவரை ஒன்றைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. திருத்த ஏதாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை பார்க்கிறேன். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.